கழலாத சுத்தியல்

1. தோட்டத்துப் பட்டறையில் அப்பா ஒரு சுத்தியல் அடித்துச் செய்தார்.
2. நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது.
3. பட்டறையை அதே சுத்தியலால் இடித்தார்கள்.

இன்று நான் வேலை செய்யும் இடத்தில், சிவந்த இரும்பை எண்ணெயில் தோய்த்த வாடை வந்ததும், இலங்கையின் நிவித்திகலத் தோட்டத்தில் அப்பா சுத்தியல் தலைக்கான இரும்பை இருபுறமும் உளியால் துளைத்து, கூம்புக் கம்பியை இறக்கி, பிடி நுழையும் துளை நடுவில் ஒடுங்கி இருமுனையிலும் விரியும்படி அகட்டியது நினைவுக்கு வந்தது. அப்படிச் செய்தால் தலை கழலாது.

அந்தச் சுத்தியலால் பட்டறைச் சுவரை இடித்த, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த மாமா, "அண்ணே, ஒங்க சுத்தியல்ல குறையே சொல்ல முடியாதுங்க!" என்று சிரித்தார்.

"நல்லா ஓங்கி அடிங்க, கழலாது," என்றார் அப்பா.

கழன்று விழட்டும் என்று நான் வேண்டினேன். விழவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது தோட்ட மேலாளர் துரையின் கார் நிற்கிறது. சுத்தியல் தோட்டத்து ஸ்டோரில் இருக்கிறது. இன்னும் கழலவில்லை.