வாழையைத் திராட்சை என்ற கம்ப்யூட்டர்

2007-இல் தேனிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, கம்பத்தில் திராட்சை வியாபாரி. மேற்படிப்புக்குக் கோயம்புத்தூர் போகிறேன் என்று மகள் நான் சொன்னதும், "நீ செய்யிறது என்னன்னு எனக்கு வெளங்குற மாதிரி காட்டுத்தா. அப்புறம் பாப்போம்" என்றார். சும்மா விடுவேனா? புராஜெக்ட் தேர்வு நாளன்று அவரையே கல்லூரிக்குக் கூட்டிப் போனேன்.

நானும் தோழியும் செய்திருந்தது ஒரு நியூரல் நெட்வொர்க், உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர் புரோகிராம். விவசாயி கேட்கும் கேள்வியைத் தட்டச்சு செய்தால், அது திராட்சை பற்றியதா, வாழை பற்றியதா என்று பிரித்துச் சொல்லும். விவசாயிகளிடம் நேரில் கேட்டுவந்த கேள்விகளைக் கொடுத்துத்தான் அதைப் பழக்கியிருந்தோம். சோதித்தபோதெல்லாம் சரியாகவே சொன்னதில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அத்தாவையே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்பத்துல இருந்து பேசுறேன். வாழை இலை ஓரமெல்லாம் கருகுது. என்ன மருந்து அடிக்க?" என்றார். அப்படியே தட்டினேன். திரையில் 'திராட்சை' என்று வந்தது.

அறையே சிரித்தது. அத்தா மட்டும் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர் அவ்வளவுதான் என்று நினைத்தேன். "ஏன் இப்படிச் சொல்லுது?" என்று தேர்வாளர் கேட்டார். தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை.

கேள்வியிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். 'மருந்து' போனது, திராட்சைதான். 'இலை' போனது, அப்போதும் திராட்சை. 'வாழை'யையே எடுத்தேன், அசையவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, 'கம்பத்துல' என்பதை மட்டும் எடுத்தேன். 'வாழை' என்று வந்தது.

சட்டென்று பிடிபட்டது. திராட்சைக் கேள்விகளை நான் எங்கள் ஊரிலேயே வாங்கினேன். வாழைக் கேள்விகளைத் தோழி அவள் ஊரான சின்னமனூரில் வாங்கினாள். எங்கள் பக்கத்து ஆட்கள் ஊரைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்தது பயிரை. அது படித்துக்கொண்டதோ ஊரை. எல்லோருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னேன். தேர்வாளர் எழுந்து வந்து, நான் செய்தது போலவே தானும் வார்த்தைகளை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

ஊர் திரும்பி, கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தா எதிரே வந்த கூட்டாளியிடம், "மிசினு தப்பாத்தான் சொல்லுச்சு. ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு எம் மகதான் எல்லாத்துக்கும் வெளங்க வச்சா. பெரிய சாரே எந்திரிச்சு வந்து பாத்தாக. கோயம்புத்தூர்ல சேக்கப் போறேன்" என்றார்.

அதன்பின் எத்தனையோ கம்ப்யூட்டர்களைச் சரியாகப் பதில் சொல்ல வைத்திருக்கிறேன். ஆனால் படித்த படிப்புக்காக நான் தலை நிமிர்ந்து நடந்தது, என் கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்ன அந்த நாளில்தான்.