‘வி’ எடுத்து ‘பு’ போட்டேன்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேனாவைவிட ஈய எழுத்துதான் எனக்குப் பழக்கம். பெரம்பலூரில் ஒரு சின்ன பிரஸ்ஸில் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தேன்.

1996இல் குரும்பலூரிலிருந்து ஒருவர் வந்தார். மிலிட்டரியில் இருந்தவர். ஒரு கவிதையை நோட்டீஸாக அடிக்கக் கொடுத்தார்.

"யாரு பேரு போடணுங்க?"

"பேரெல்லாம் இப்ப வேணாம்யா" என்று தெருவைப் பார்த்தார். எனக்கு அப்போதே சந்தேகம்.

கவிதையில் இரண்டு வரி இப்படி இருந்தது:

சண்டை ஓய்ந்த காலையில் கூட்டாளியை விதைத்தேன்.
மழை பெய்யும்போதெல்லாம் அந்த இடத்தை நினைக்கிறேன்.

முதலாளி பார்த்துவிட்டு, "விதைத்தேனா? பொதைக்கிறத விதைக்கிறதுன்னு சொல்றது புலி இயக்கத்துக்காரங்க பேச்சுப்பா. போலீஸ் பாத்தா பிரஸ்ஸப் பூட்டிருவான்" என்றார்.

எழுதியவரிடமே கேட்டிருக்கலாம். புது ஆளிடம் பேச எனக்குக் கூச்சம். ‘வி’யை எடுத்துவிட்டு ‘பு’ போட்டேன். ஒரே எழுத்து; ‘புதைத்தேன்’ ஆகிவிட்டது.

புரூஃப் எடுத்துப் படித்தேன். புதைத்தவன் மழை பெய்தால் ஏன் அந்த இடத்தை நினைக்கிறான்? மண் கரைந்து வெளியே தெரிந்துவிடும் என்றா?

"கொன்னுட்டு நோட்டீஸ் வேற அடிக்கிறானா?" என்றார் முதலாளி.

மறுநாள் மிலிட்டரிக்காரர் வந்தார். புரூஃபை நீட்டிவிட்டு வாசல் பக்கமாக ஒதுங்கி நின்றேன்.

"எவன்யா இத மாத்துனது?"

"நாந்தாங்க. பொதைக்கிறதத்தான அப்புடிச் சொல்றீங்க?"

"எழுபத்தொண்ணு சண்டைல கூட்டாளிக்கு என் கையால குழி வெட்டுனேன். எனக்குத் தெரியாதா? அவன் அம்மா அரியலூர் பக்கம் இருக்கு. காணோம்னுதான் தந்தி போச்சு. இருபத்தஞ்சு வருசமா நானும் வாயத் தொறக்கல. மொதல்ல அந்தம்மாளுக்குப் படிச்சுக் காட்டணும். அப்பறந்தான் பேரு போட்டு ஊருக்குக் குடுக்கணும். காட்டுல கடலை வெதைச்ச கைய்யா அதோடது. வெதைச்சேன்னா தாங்கும். பொதைச்சேன்னா தாங்காது."

முதலாளி தலையைத் திருப்பிக்கொண்டு, "மாத்திக் குடுப்பா" என்றார். ‘வி’யைத் திரும்ப வைத்தேன். அதே மழை வரி, விதைத்துவிட்டு வானம் பார்ப்பவன் பேச்சாகக் கேட்டது.

ஒரு மாதம் கழித்து, பேர் போட்டு அடிக்க வந்தார். அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினாராம்.

"அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. ‘நல்ல மண்ணாப்பா?’ன்னு."

"என்ன சொன்னீங்க?"

"வண்டல்னு சொன்னேன்."

அன்று முதல், பிழை என்று தோன்றினால் எழுதியவரைக் கேட்காமல் ஓர் எழுத்தையும் நான் தொடுவதில்லை.

18.2.2007, ஞாயிறு.