கூட்டாளியைப் பற்றி மட்டும்

பலகையில் எந்த அறிவிப்பை ஒட்டினாலும், பசை காய்வதற்குள் அவள் படித்து முடித்திருப்பாள். அதனால் வணிக நிர்வாகப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் அவளுக்கு 'நோட்டீஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பேச்சுப் போட்டி, தொழில்முனைவோர் மன்றம், கோடைகாலப் பயிற்சி என்று எதற்கும் முதல் விண்ணப்பம் அவளுடையதுதான். கிடைப்பது மட்டும் அக்காவுக்கு.

அக்கா பெரியம்மா மகள். மூன்றே மாதம் மூத்தவள். அதே வகுப்பு, விடுதியில் அதே அறை. தேர்வன்று காலையில்தான் "இன்னைக்கு எந்தப் பேப்பர்டி?" என்று கேட்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அக்கா பிழைக்கவில்லை, கொழித்தாள். நோட்டீஸுக்கு வயிறு எரிந்தது. பொறாமை கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அந்த ஆண்டு ஷாம்பு நிறுவனம் ஒன்று ஒரே ஒரு பயிற்சி இடத்தோடு வந்தது. ஆறு மாதம் தலைமை அலுவலகத்தில் வேலை, சரியாகச் செய்தால் அங்கேயே உத்தியோகம். அதற்கு இருவர் இருவராகச் சேர்ந்து, புது பெரிய பாட்டில் ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பேராசிரியர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து இவர்கள் இருவரையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

மூன்று நாள் பேரங்காடியில் நின்றார்கள். பாட்டிலைக் கையில் எடுத்தவர்கள் எத்தனை பேர், திருப்பி வைத்தவர்கள் எத்தனை பேர் என்று நோட்டீஸ் கால் கடுக்க நின்று குறிப்பேட்டில் குறித்தாள். அக்காவோ கூடை தள்ளி வருபவர்களிடமெல்லாம் கதை பேசினாள். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் பாட்டிலைத் திருப்பி வைத்தபோது, "ஏங்க வெச்சிட்டீங்க? வெல அதிகமா?" என்றாள்.

"வெலயெல்லாம் இல்லம்மா. சின்ன பாட்டில்னா மூடியத் திறந்து மோந்து பாக்கலாம். இதுல சீல் வெச்சுட்டாங்களே."

அதுதான் விடை. அதற்குப் பிறகு கேட்ட இருபது பேரில் பதினாறு பேர் அதையே சொன்னார்கள். நோகாமல் நுங்கு தின்கிறவளுக்கு நுங்கும் தானாக வந்து விழுகிறது என்று நோட்டீஸ் பல்லைக் கடித்தாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை, பக்கத்துக் கட்டிலில் குறட்டை வேறு.

நிறுவனத்தின் நேர்காணல் தனித்தனியாக நடந்தது; நோட்டீஸை முதலில் அழைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே மேலாளர் அம்மாள் சொன்னார்: "உங்களப் பத்தி எதுவும் வேண்டாம். உங்க கூட்டாளி என்ன செஞ்சாங்க, அத மட்டும் சொல்லுங்க. நம்ம வேலைல அதான் முக்கியம்."

மனப்பாடம் செய்த பதில்கள் எல்லாம் வீண். மூடி விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இடம் அக்காவுக்கு.

"நல்லா பழகுவாங்க மேடம்" என்றாள். "சிரிச்ச முகம்."

"வேலைல?"

"வேலைல… கூடவே இருந்தாங்க."

இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். அடுத்து உள்ளே போன அக்கா அரை மணி நேரம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க, போச்சு, இதையும் வாயாலேயே அள்ளிவிட்டாள் என்று நோட்டீஸ் வெந்தாள்.

மாலையில் பலகையில் ஒட்டியிருந்த பெயர் நோட்டீஸுடையது.

காரணம் புரியாமல் மேலாளர் அம்மாளிடம் ஓடினாள். அவர் சிரித்தார். "உங்க அக்கா உங்க குறிப்பேட்டயே கையோட கொண்டு வந்து பக்கம் பக்கமா காட்டினாங்கம்மா. 'அவ எண்ணி வெக்கலன்னா நான் பேசினது வெறும் அரட்டை'ன்னாங்க. இதுக்கு மேல நாங்க என்ன கேக்கறது?"

வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு அக்கா முன்பே சொல்லியிருந்தாள். "கேட்டேன்டி, சந்தோஷம். பாத்தியா, உனக்காக அவ எவ்வளவு பேசியிருக்கா? அவகிட்ட கத்துக்கோ." ஜெயித்த நாளிலும் புகழ் அக்காவுக்கே. நோட்டீஸ் போனை வைத்துவிட்டாள்.

அறையில் அக்கா கட்டிலில் படுத்தபடி அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, என்னப் பத்தி உள்ள என்ன சொன்ன?"

நோட்டீஸ் பைக்குள் எதையோ தேடினாள். "உள்ளதத்தான் சொன்னேன்."

"நெனச்சேன்." அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "நீ உள்ளதச் சொல்லியும் கெடைக்கலன்னா, என் வேலைலதான் ஏதோ கொற. இந்த நோட்ட எனக்கு ரெண்டு நாள் குடுடி. எப்படி எழுதறேன்னு பாத்துக் கத்துக்கறேன்."