சாணார்பட்டிப் பக்கத்துக் கறுப்புப் பொட்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை, சாணார்பட்டியில் என் கிளினிக்கில் ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் கணவர் போனில் அழைத்தார். "விடியக்காலம் போயிட்டா சார்" என்றார். புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியவரின் கைப்பட்டையை அவிழ்த்துவிட்டு, அளவைக் குறிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டெல்லாவை நீங்கள் திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து கவுண்டரில் பார்த்திருப்பீர்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் ஊருக்குப் போய், பக்கத்து டாக்டரிடம் காட்டிக்கொண்டு, மாதாமாதம் மாத்திரை வாங்க அவரிடம்தான் வருவார்கள். சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். ஆனால் அவருக்குக் கண் சும்மா இருக்காது. ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சீட்டுகளில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை இருந்தது. சாணார்பட்டிப் பக்கத்துச் சீட்டுகளில் பெரும்பாலும் இல்லை. இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே நோய்.

மாவட்ட வரைபடம் ஒன்றை மருந்து பீரோவின் கதவுக்கு உட்புறம் ஒட்டினார். கடைவீதியில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்தார். அந்த மாத்திரை கிடைக்கிறவர் ஊரில் சிவப்பு, கிடைக்காதவர் ஊரில் கறுப்பு. "என்ன ஸ்டெல்லா, கோயில் மாறிட்டீங்களா?" என்று நர்சுகள் கேலி செய்தார்கள். "பொறந்ததுலருந்து நான் பொட்டு வச்சதில்ல. உங்க ஊர்க்காரங்களுக்காக அட்டை அட்டையா வாங்குறேன்" என்றார் அவர்.

ஒருநாள் நோயாளி ஒருவரைப் பார்க்க அங்கே போன என்னை அந்தப் பீரோவின் முன் நிறுத்தினார். சாணார்பட்டிப் பக்கம் கறுப்பாகக் கிடந்தது. "ஒட்டன்சத்திரத்து நெஞ்சு வேற, நம்ம நெஞ்சு வேறயா சார்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொழுப்பு அளவு சரியாக இருப்பவர்களுக்குத்தான் நான் மாத்திரையைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டேன் என்றேன். "மாத்திரை போட்டதாலதான சரியா இருக்கு? நனையலேன்னு மழைக்குள்ளயே குடையை மடக்குவீங்களா? அதோட, ஒருதடவ அடைச்ச நெஞ்சுக்கு அளவு சரியா இருந்தாலும் இது வேணும்னு படிச்சவங்கதான எழுதி வச்சிருக்காங்க?" விறுவிறுவென்று பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். அன்று மாலை புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. மருந்துக்காரி சொல்லி டாக்டர் திருந்துவதா என்ற வீம்பில் மேலும் ஒரு வாரத்தை வீணாக்கினேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அவரே என்னைத் தேடி வந்தார். கறுப்புப் பொட்டுக்காரர்களில் ஒருவரான கருப்பையாவின் மல்லிகைத் தோட்டத்துக்கு இருவரும் போனோம். கருப்பையா சிரித்தார். "நான் கறி திங்கிறதே தீவாளிக்குத்தான் தாயி. எனக்கெதுக்குக் கொழுப்பு மாத்திர? அதான் டாக்டரே நிப்பாட்டிட்டாருல்ல?"

ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தார். "நான் நிப்பாட்டினது தப்பு. கறி தின்னாலும் தின்னாட்டியும் நீங்க இதைப் போடணும்" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. கருப்பையா பூக்கூடையைக் கீழே வைத்தார். "ஒரு டாக்டரு தப்புன்னு சொல்லி இன்னைக்குத்தேன் கேக்குறேன். அம்புட்டு முக்கியம்னா குடுங்க, போடுறேன்."

பிறகு ஊர் ஊராகப் போனோம். என்னைப் பார்த்து அதேபோல மாத்திரையை நிறுத்தி எழுதிய அக்கம்பக்கத்து டாக்டர்களிடமும் பேசினோம். மெல்ல மெல்லச் சாணார்பட்டி சிவந்தது. ஆனால் அவர் கறுப்பைப் பிய்க்கவில்லை. அதன் மேலேயே சிவப்பை ஒட்டினார். "அடியில இருக்கட்டும் சார். எங்க விட்டோம்னு நமக்குத் தெரியணும்ல" என்றார். பட்டம் பதவி இல்லாமல், ஒரு பொட்டு அட்டையோடு ஒரு வட்டாரத்தின் வைத்தியத்தையே திருத்திய மனுஷி. அவரோடு வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அடக்கத்துக்குக் கருப்பையா தன் தோட்டத்துப் பூவிலேயே மாலை கட்டி வந்திருந்தார். சட்டைப்பையில் மாத்திரை அட்டை தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்த வரைபடத்தையும் பாதி தீர்ந்த பொட்டு அட்டையையும் ஸ்டெல்லாவின் கணவர் என்னிடம் கொடுத்தார். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த மாதச் சீட்டுகளைப் பார்த்தேன். கீரனூரிலிருந்து வந்த ஒன்றில் அந்த மாத்திரையின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. என் கையால் முதல் கறுப்புப் பொட்டை ஒட்டினேன். அந்த ஊர் டாக்டர் முன்கோபக்காரராம், யார் சொன்னாலும் கேட்கமாட்டாராம். நானும் அப்படித்தான் இருந்தேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.