அண்ணனின் ரத்ததான சர்டிபிகேட்டுகள்

இன்று காலை அண்ணன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். தொண்ணூறுகளில் ஆவடி ஃபேக்டரியில் ரத்தம் கொடுத்ததற்கு வாங்கிய சர்டிபிகேட்டுகள், கட்டில்மேல் பரப்பி வைத்து எடுத்தது.

இருவரும் அங்கேதான் வேலை பார்த்தோம். கேன்டீனில் ரத்ததான முகாம் போட்டால் அண்ணன் முதல் ஆளாகப் போய்ப் படுப்பார். சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை. கொடுத்தால் அரை நாள் லீவு. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு நேராக மேட்னி ஷோவுக்குப் போய்விடுவார்.

எனக்கு ஊசி என்றால் பயம். முகாம் முடியும்வரை ஸ்டோர் ரூமில் ஒளிந்திருப்பேன்.

"இன்னாடா, ஒரு பாட்டிலுக்கு இப்டி சாவுறே?" என்பார்.

நாற்பது வயதில் எனக்கு ஓயாத அசதி, விரல் மூட்டெல்லாம் வலி. உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேர்ந்து ஈரலைக் கெடுக்கிறது, பரம்பரை வியாதி என்றார் டாக்டர். அண்ணனையும் கூட்டிவரச் சொன்னார்.

அவருக்கும் அதே வியாதிதான். ஆனால் ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ரத்தத்தோட இரும்பும் வெளிய போயிடும். உங்க அண்ணன் குடுத்துக் குடுத்தே தப்பிச்சிட்டாரு," என்றார் டாக்டர்.

எனக்கு வைத்தியமும் அதுதான். முதலில் வாராவாரம் ஒரு பாட்டில், பிறகு சில மாதத்துக்கு ஒன்று. வியாதிக்காரன் ரத்தம் என்று யாருக்கும் ஏற்றாமல் கொட்டிவிடுவார்கள்.

படத்துக்குக் கீழே அண்ணன் கேட்டிருக்கிறார்: "உன்கிட்ட எத்தினி கீது?"

அவரைவிட அதிக பாட்டில் கொடுத்தவன் நான். ஒரு சர்டிபிகேட் இல்லை. அத்தனைக்கும் என் சொந்த லீவு வேறு.

என்ன பதில் போடலாம், நீங்களே சொல்லுங்கள்.