பலூன் சுடும் கடையில் எடுத்த படம்

2024 ஜனவரி 21, ஞாயிறு. திண்டுக்கல்லிலிருந்து இரவு ரயிலில் சென்னை வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கேமராவுடன் கடற்கரைக்குப் போனேன். போர் நினைவுச் சின்னத்துக்கு அருகே பலூன் சுடும் கடை வைத்திருந்த பெண், எனக்காகத் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்தார். பின்னால் நினைவுச் சின்னமும் தெளிவாக விழுந்தது. அன்றைய படங்களில் அதுவே சிறந்தது.

திரையில் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“டெலிட் பண்ணிடு சார். என் பையன் மிலிட்டரில, பார்டர்ல இருக்கான். துப்பாக்கிக்குப் பின்னாடி செத்துப்போன சிப்பாய்ங்க சின்னம், இதைப் பார்க்க முடியல.”

“யாருக்கும் காட்ட மாட்டேன்மா.”

“எந்த ஊரு சார் நீ?”

“திண்டுக்கல்.”

“பூட்டு ஊரா! அப்போ நல்லா பூட்டி வை,” என்றார் அரைமனதாக.

திரும்பும் ரயிலில் அதைப் பலமுறை திறந்து பார்த்தேன். அவர் கண்முன்னே அழித்திருக்கலாம். இனி அழித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்ததும், பல்கூட விளக்காமல், முதல் வேலையாக அதை அழித்தேன்.