தண்ணியிலை ஒரு வீடு: செயின்ட்-ஆனில் இருந்து லஷீன் வரை

சென்ற மாதம், கியூபெக்கின் செயின்ட்-ஆன்-டி-பெல்வியூ கால்வாயில் எடுத்த எங்கள் மரப்படகின் பழைய படமொன்றை இங்கே போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் எழுதிக் கேட்டார்கள்: பழைய மரப்படகு வாங்கித் திருத்தி அதிலேயே வாழ முடியுமா? நாங்கள் வாழ்ந்தோம். 1996 ஜூனில் அந்தப் படகில் செயின்ட்-ஆனில் இருந்து லஷீன் வரை 24 கிலோமீட்டர் போனோம். அதை எழுதுவதென்றால் இரண்டு வருடம் பின்னால் போகத்தான் வேண்டும்.

கல்யாணமாகி நாலாம் மாதம் என் கணவர் யோகன் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருந்து புறப்பட்டுக் கனடா வந்துவிட்டார். ஆறு வருடம் கழித்து, 1994 ஜூனில், மிராபெல் விமான நிலையத்தில் அவரை மறுபடி கண்டேன். கடிதத்தில் 'தண்ணியிலை ஒரு வீடு எடுத்திருக்கிறன்' என்று எழுதியிருந்தார். அவசரத்தில் எழுதியிருக்கிறார், தண்ணீர்க்கரையில் என்றுதான் சொல்ல வந்திருப்பார் என்று நானே திருத்தி வாசித்துக்கொண்டேன். விமான நிலையத்தில் இருந்து 45 கிலோமீட்டர். நண்பர் ஒருவரின் காரில் ஐம்பது நிமிடம். கார் ஒரு சிறிய படகுத்துறையில் நின்றது.

"இதுதான் வீடு. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மெதுவா ஏறும்" என்றார் யோகன்.

முன்னால் ஒரு கிழட்டுப் படகு. 34 அடி நீளம், பத்தடி அகலம். ஒருகாலத்தில் கால்வாயில் சரக்குப் படகுகளை இழுத்த இழுவைப்படகாம். பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக எழும்பி நின்றது. ஜன்னலில் எனக்காகப் புதிதாகத் தைத்த மஞ்சள் திரைச்சீலை.

நான் கம்பியைத் தொடவில்லை. கால் அசையவில்லை.

காரணத்தை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்கு அன்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வரக் கிளாலிக் கடலேரியைப் படகில்தான் கடந்தேன். ஆறு பேர் இருக்கக்கூடிய வள்ளத்தில் பதினொரு பேர். கணுக்கால்வரை தண்ணீர். நடுவழியில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. என் தோளில் சாய்ந்திருந்த பெண்ணைக் கரை சேர்ந்ததும் எழுப்பினேன். அவள் எழும்பவில்லை. இனிச் செத்தாலும் படகில் கால் வைப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்திருந்தேன்.

"நான் ஏற மாட்டன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சின்னனா இருக்கெண்டு பாக்கிறீரோ? ரவுனுக்குள்ளை, வில்லரேயிலை ஒரு ரூமிலை ஒன்பது பேரா இருந்தனாங்கள். அதுக்குள்ளை உம்மை எப்பிடிக் கூப்பிடுறது? ஆயிரத்து எண்ணூறு டொலருக்கு இதுதான் கிடைச்சது."

எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. "இதின்ரை அடியைப் பாக்க வேணும். பாத்தாத்தான் ஏறுவன்."

எப்படியும் யாரும் படகின் அடியைக் காட்டப்போவதில்லை என்று நினைத்துச் சொன்னேன். அந்தத் துறையின் சொந்தக்காரர் ரெஜான், அறுபது வயதுக் கியூபெக்காரர், யோகன் மொழிபெயர்த்ததைக் கேட்டுச் சிரிக்கவேயில்லை. "மதாம் சொல்வது சரி. மூன்று வருடமாக நானும் இதைத்தான் சொல்கிறேன்" என்றார். மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பட்டிகளைப் போட்டுக் கிரேனால் படகைத் தூக்கினார். தூக்குகூலி 160 டொலர். அந்த ஒரு இரவு ரெஜானின் அலுவலக சோபாவில் படுத்தேன்.

படகு அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. அடியில் இருந்து தண்ணீர் ஊற்றியது, வெளித்தண்ணீர் வடிந்த பிறகும் நிற்கவில்லை. ரெஜான் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நடுப்பலகையில் வைத்து மெல்ல அழுத்தினார். ஊறிய பாண் ரொட்டிக்குள் போவதுபோல் அது பிடிவரைக்கும் உள்ளே போனது. அடுத்த பலகை. அதுவும் அப்படியே. மூன்றாவது பலகையில் ஒரு துண்டு கழன்று அவர் சப்பாத்தின் மேல் விழுந்தது.

"கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்குமே?" என்று ரெஜான் கேட்டார்.

"பிரிட்ஜ்தானே?" என்றார் யோகன்.

பிரிட்ஜ் அல்ல. உள்ளே வரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப். பழைய சொந்தக்காரர் கரையில் இருந்து மின்சாரம் இழுத்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அரை நாள் மின்சாரம் நின்றிருந்தால் படகு தண்ணீருக்கடியில் கிடந்திருக்கும். மூன்று கோடைகாலம் டவுன்டவுன் உணவகத்தில் சமைத்துக் களைத்து வந்து என் கணவர் அதன் மேல் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். அவர் பக்கத்தில் கிடந்த மரக்குற்றியில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் எழும்பவில்லை.

வில்லரேயில் ஓர் அறை எடுத்தோம். படகு கரையில் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் போனோம். கரையில் நின்ற படகில் எனக்குப் பயமில்லை; உண்மையில் அந்த வேலை பிடித்துக்கூடப் போனது. பதினான்கு பலகை மாற்றினோம். ஓக் பலகையை ஆவியில் அவித்து, சூடு ஆறுமுன் மூன்று பேராக வளைத்து ஆணி அடிக்க வேண்டும். பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து இறுக்கும் வேலை என்னுடையது. "உங்கள் கை என் கையைவிட நல்லது" என்று ரெஜான் சொன்னது எனக்குப் புரிந்த முதல் பிரெஞ்சு வாக்கியம்.

1996 ஜூன் முதல் வாரம் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் நான் அடைத்த இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிட்டது. நான் கத்தியே விட்டேன். ரெஜான் கோப்பியைக் குடித்துக்கொண்டே, மரம் காய்ந்து கிடந்தது, குடிக்கட்டும் விடுங்கள் என்றார். அவர் சொன்னதுபோலவே பலகை ஊதி, மூன்றாம் நாள் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மரப்படகு திருத்த நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை 9.10க்குப் புறப்பட்டோம். இடுக்கிடுக்காக நானே அடைத்த படகில் ஏறமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செயின்ட்-ஆன் மதகுத்தொட்டியில் இரண்டு கதவையும் பூட்டித் தண்ணீரை ஒரு மீற்றர் அளவுக்கு இறக்குவார்கள். படகும் சுவர்களுக்கிடையில் கீழே போகும். எட்டு நிமிடம்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரை மட்டும் பார்த்தேன்.

கீழ்க்கதவு திறந்ததும் செயின்ட்-லூயி ஏரி. பதினொரு மணியளவில் இரண்டு கரையும் தூரமாகிவிட்டன. ஒரு விசைப்படகு பக்கத்தால் போக, அதன் அலை எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. நான் தரையில் குந்தி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன்.

"என்னப்பா? என்ன செய்யுது?"

சொன்னேன். வள்ளம், பதினொரு பேர், என் தோளில் கிடந்த பெண். எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"நீர் கடலாலையோ வந்தனீர்? றோட்டாலை வந்ததெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்... ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கடிதத்திலை எழுதுற விஷயமே?"

"வந்த பிறகு?"

"வந்தண்டைக்கு நீங்கள் திரைச்சீலை தைச்சுப் போட்டு, படகைக் காட்டிக்கொண்டு நிண்டனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

அவர் என்னருகில் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது அதற்கு முன் நான் கண்டதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் ஒண்டு சொல்ல வேணும். எனக்கு நீந்தத் தெரியாது" என்றார்.

"என்ன?"

"சுன்னாகத்திலை எங்கை கடல்?"

ஏரியின் நடுவில் வைத்து இதைச் சொல்கிறார்! கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் எழும்பி, "திருப்புவம். கிட்டடிக் கரையிலை இறங்கி பஸ்ஸிலை போவம். படகை வித்துப்போடுவம்" என்றார்.

"லஷீனுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம் வரும்."

"அப்ப போங்கோ" என்றேன்.

12.25க்கு லஷீன் துறையில் கட்டினோம். அந்த நாட்களில் லஷீன் கால்வாய் படகுகளுக்கு மூடியிருந்ததால் அதற்கப்பால் போக முடியாது. கோடையில் படகிலும் குளிர்காலத்தில் வில்லரேயிலுமாக மூன்று வருடம் வாழ்ந்தோம். மகள் பிறந்த வருடம் படகை ரெஜானின் தங்கைக்கு விற்றோம். நீச்சலை இருவரும் செயின்ட்-மிஷேல் குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றோம். எனக்கு நன்றாகவே வந்தது. அவருக்கு இன்றைக்கும் மூக்கில் தண்ணீர் போகும்.

போக விரும்புபவர்களுக்கு: லியோனல்-குரூ மெட்ரோவில் இருந்து செயின்ட்-ஆனுக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். மே நடுப்பகுதி முதல் ஒக்டோபர் வரைதான் படகுகள் ஓடும். மரப்படகு வாங்குவதென்றால் விலை பேசுமுன் கரையில் தூக்கிப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோங்கள். ஆளுக்கொரு மிதவை அங்கி கட்டாயம். கூட வருபவரிடம் தண்ணீர் பயமா என்று கேளுங்கள். இல்லை என்று உடனே பதில் வந்தால், இன்னொரு நாள் ஆறுதலாக மறுபடியும் கேளுங்கள்.